வாஷிங் மெஷின் கையேடு

டிங்!

அந்தச் சத்தம் கேட்டதும் இரவு ஷிப்ட்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். மடிக்கணினியைத் திறந்தாலே போதும். அவரே தட்டுத்தடுமாறிக் கற்று எழுதிய குட்டி நிரல், ஒரு ஃபோல்டரை எங்கோ இருக்கும் சர்வர் கணினிக்கு நகலெடுத்துவிட்டு மணி அடிக்கும்.

அவர் காலை ஏழு மணிக்கு வீடு திரும்புவார். மனைவி ஏழு பத்துக்கு வேலைக்குக் கிளம்புவாள். பத்து நிமிஷத் தாம்பத்தியம். அதிலும் பாதி, சாவி தேடுவதில் போய்விடும். சண்டை போடக்கூட ஆள் கிடைக்காத மனுஷர், மனக்குறைகளை எழுதி எழுதிச் சேர்த்தார். மூன்று வருஷத்தில் இருநூற்றுப் பதினான்கு புகார்கள். ஃபோல்டருக்கு 'வாஷிங் மெஷின் கையேடு' என்று பெயர். உலகத்தில் எவரும் திறந்து பார்க்காதது அதுதானே!

"அதென்னங்க தினமும் டிங்கு?"

"காப்பி ஆகுது. இந்த வீடே இடிஞ்சாலும் கவலையில்ல. இங்க என்ன இருக்கோ, அச்சு அசலா அங்கயும் இருக்கும்."

"இங்க இல்லாதது?"

"அங்கயும் இருக்காது. இங்க ஒண்ணை அழிச்சா அடுத்த டிங்குல அங்கயும் தானா அழிஞ்சுடும். வேலைன்னா சுத்தமா இருக்கணும்!"

"ம்," என்று செருப்பை மாட்டிக்கொண்டாள். அந்த 'ம்'முக்கு அவர் பயந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை குளியலறை வாசலில் அழுக்குத் துணி மலையாகக் கிடந்தது.

"மெஷின் நின்னு மூணு நாளாச்சு. அன்னைக்கே உங்க கையேட்டைத் திறந்தேன்."

"ப... படிச்சியா?"

"ஒண்ணு விடாம. அறுபத்திரண்டாம் புகார்ல கல்நெஞ்சக்காரி. எழுபதுலயும் அதே கல்நெஞ்சக்காரி. திட்டறதுக்கு வேற வார்த்தையே கிடைக்கலையா?"

"அழிச்சுட்டியா?"

"நேத்து சாயங்காலம்."

"அழிச்சுக்கோ! சர்வர்ல பத்திரமா இருக்கு!" பாய்ந்துபோய் மடிக்கணினியைத் திறந்தார்.

டிங்!

திறந்த பிறகுதான் உறைத்தது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாயிற்று.

"வேலைன்னா சுத்தமா இருக்கணும்," என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

வீடு வழக்கம்போல் அடங்கிப்போனது. சர்வரில் துழாவினார். இருநூற்றுப் பதிமூன்று புகார்கள் போயே போய்விட்டன. எண்பத்தேழாம் நம்பர் மட்டும் மிச்சம். ஒரே வரி: 'இன்றைக்கும் தனியாகத்தான் சாப்பிட்டேன்.'

அதன் கீழே அவள் எழுதியிருந்தாள்: 'நானும். துணியைக் கையால துவைச்சுடுங்க.'

மடிக்கணினியை மூடினார். பிறகு வாளியை இழுத்து வைத்துக் குழாயைத் திறந்தார்.