வேம்புலியின் ஒரே போட்டோ

வேம்புலியின் இடது காதை எங்கே ஒட்டுவது என்று லோகநாதனுக்குப் புரியவில்லை. கையிலிருந்தது பழைய செய்தித்தாள் துண்டு. காது இருக்க வேண்டிய இடத்தில் மடிப்பு விழுந்து கிழிந்திருந்தது.

கொரட்டூரில் பதினேழு வருஷமாகக் கல்யாண வீடியோ எடுத்து அலுத்துப்போன மனிதர் அவர். சாவதற்குள் தன் பெயர் போட்டு உருப்படியாக ஒரு படம் வரவேண்டும் என்று ஆசை. அதனால்தான் பாரிவாக்கம் வேம்புலி நினைவுச் சங்கம் ஆவணப்படம் கேட்டதும் தலையாட்டிவிட்டார்.

வேம்புலி பறையடித்தால் நிற்கிற காலும் ஆடும். தன் தெருப் பிணங்களைப் பொதுப்பாதையில் விடாதவரை யார் சாவுக்கும் பறையைத் தொடுவதில்லை என்று நிறுத்தியவர். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் மறியல் செய்து பாதையை வாங்கியும் கொடுத்தார். குடித்தார், சண்டை போட்டார், வீடு தங்கவில்லை, ஒருநாள் செத்தும் போனார். போலீசுக்கு அடையாளம் தெரிந்துவிடும் என்று போட்டோ மட்டும் எடுக்க விட்டதில்லை.

கிடைத்தது, மறியலன்று எடுத்து மறுநாள் பேப்பரில் வந்த இந்த ஒரு படம்தான். நடுவில், பறையை ஒற்றைக் கையால் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து வாய் திறந்து முழங்குகிற உருவம்.

கம்ப்யூட்டரில் போட்டுச் சரிசெய்தார். காது வந்தது. கூடவே வயதில் இருபது போய்விட்டது.

சங்கத் தலைவர் தங்கவேல் உதட்டைப் பிதுக்கினார். "மீசை பத்தல அண்ணாத்தே. அன்னிக்கி நான் பக்கத்துலயே நின்னுகினு இருந்தேன். எனக்குத் தெரியாதா?"

மீசையை வளர்த்தார். முகம் சினிமா வில்லன் மாதிரி ஆனது.

"இன்னா இது, மூலைல வெறுங்காலு ஒண்ணு நீட்டிகினு கீது? அசிங்கமா கீது. எட்த்துடு."

எடுத்தார்.

"வேம்புலியோட சம்சாரம் நசரத்பேட்டைல இருக்காங்களாமே. ஒரு வார்த்தை பேச வைக்கலாங்களா?" என்று கேட்டார்.

"அன்னம்மாளா? வேணாம் நைனா. வாயத் தொறந்தா அவரு குட்ச்ச கதைதான் வரும். கூட இருந்தவங்க நாங்க கீறோமே, எங்கள எடு."

வாதாட லோகநாதனுக்குத் தெம்பில்லை. பதினொரு பேரை எடுத்தார். பதினொருவரும் தான்தான் வேம்புலிக்கு வலதுகை என்றார்கள். பாண்டியன் என்பவர் முக்கால் மணி நேரம் பேசியதில் வேம்புலி இரண்டு முறை வந்தார்; மிச்சமெல்லாம் பாண்டியனின் முதுகுவலி. அதை வெட்டியதில் அவருக்குக் கோபம். சமாதானம் செய்ய, அவரைப் போட்டோவைக் கும்பிடவைத்து ஒரு காட்சி எடுத்தார். உடனே மற்ற பத்துப் பேரும் தங்களுக்கும் வேண்டும் என்று வந்து நின்றார்கள்.

"அந்தக் கண்ணப் பாரு, நெருப்பு," என்று பாண்டியன் துண்டால் முகம் துடைத்தார். "எங்கிட்ட பேசுறப்பவும் இப்டித்தான் பாப்பாரு."

படம் முழுக்க அந்த ஒரே முகமாகிவிட்டது. சங்கத்துக்கு ஒரே சந்தோஷம். அதை வைத்தே பேனர் அடித்து, மார்பளவுச் சிலையும் செய்துவிட்டார்கள்.

ஞாயிறு மாலை பாரிவாக்கத்தில் சிலையைத் திறந்து, மாலை போட்டு, படத்தைத் திரையிட்டார்கள். கடைசியில் லோகநாதனின் பெயர் தனியாக வந்தது. ஊரே கைதட்டியது. பதினேழு வருஷமாக மணமக்கள் பெயரையே திரையில் ஓடவிட்ட மனிதர் எழுந்து நின்று ஊருக்கே கும்பிடு போட்டார். பட்ட பாடெல்லாம் வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு அம்மாள் எழுந்து மெதுவாக அவரிடம் வந்தார்.

"அன்னம்மா வந்துட்டுது," என்று தங்கவேல் முணுமுணுத்தார். "போச்சு. இப்ப குடியப் பத்திப் பேசும்."

அன்னம்மாள் குடியைப் பற்றிப் பேசவில்லை.

"படம் நல்லா கீது தம்பி. பேப்பர்ல வந்தப்போ மூலைல ஒரு காலு இருந்துச்சே, அத எங்க காணோம்?"

"அது உறுத்தலா இருந்துச்சும்மா. எடுத்துட்டோம்."

அன்னம்மாள், மாலையோடு நின்ற சிலையைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தக் காலுதான் தம்பி எங்க ஊட்டுக்காரு. இவரு, அவரக் கீழ தள்ளிட்டுப் பறையப் புடுங்கிகினு போன மஃப்டி போலீசு."