கெலாடிக்குப் போட்ட பந்தல்

நிழல்தோட்டக்காரர் என்று ஓர் இனம் உண்டு. எங்கள் ஊர் புந்தோங் பக்கம் ஒரு சுற்று வந்தால் கண்டுபிடித்துவிடலாம். வீட்டைத் தேடாதீர்கள், காரைத் தேடுங்கள். நடுரோட்டு வெயிலில் கார் வெந்துகொண்டிருக்கும். அதற்கென்று கூரை போட்ட போர்ச்சில், இலையெல்லாம் சிவப்பும் வெள்ளையும் தெளித்த கெலாடிச் செடிகளும், தொங்கும் பெரணிகளும், வெற்றிலைக் கொடியும் குளுகுளுவென்று குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பார்க்க அவ்வளவு அழகு! ஒரு பூ கிடையாது, வெறும் இலைதான். அதற்கே மோட்டார் சைக்கிள்கள் மெதுவாகப் போகும்.

ஆனால் அந்த வீட்டு மனிதர்களைப் பாருங்கள். எங்கள் புஷ்பலதா அக்காவின் கணவர் தேவன், சுடுகிற ஸ்டீயரிங்கைத் துண்டால் பிடித்துத்தான் வேலைக்குப் போகிறார். "ஒரு வார்த்தை பேசுறியா என்கிட்ட?" என்று அவர் கேட்கும்போது அக்கா பெரணியிடம், "நேத்து ரொம்பக் காத்தடிச்சிச்சா கண்ணு?" என்று விசாரித்துக்கொண்டிருப்பார். துக்கம் கேட்கப் போன வீட்டில் அழுதபடியே போர்ச்சை நோட்டம் விடுவார். திரும்புகையில் கைப்பைக்குள் ஒரு கன்று இருக்கும். "கேட்டு வாங்குனா வராதுலா. தெரியாம எடுத்தாதான் நல்லா வரும்." இது இந்த இனத்தின் சட்டம்.

இப்படிப்பட்டவர் வீட்டில் மகள் தினேஸ்வரிக்குப் பரிசம். மாப்பிள்ளை சுங்காய் ஊர்க்காரர். பெண்ணும் பிள்ளையும் ஆசைப்பட்ட சம்பந்தம். பிள்ளையின் அம்மா மட்டும் எதிலும் குறை காண்பவர் என்று கேள்வி. வாசலை அடைத்து, ரோட்டில் வாடகைப் பந்தல் போட்டார்கள். வெள்ளைத் துணிக் கூரை. வெயிலை வடிகட்டி, பால்போல ஒரு நிழலைக் கீழே இறக்கியது. அக்கா அண்ணாந்து பார்த்தார். அந்தப் பார்வையிலேயே நாங்கள் உஷாராகியிருக்க வேண்டும்.

"போர்ச்சைக் கழுவுற வரைக்கும்தான்லா" என்று முதல் தொட்டி வந்தது. அதற்குத் துணையாக இரண்டாவது வந்தது. பெரணிகள் பந்தல் கம்பிகளில் ஏறின, கெலாடிகள் மேசைகளில் அமர்ந்தன, வெற்றிலைக் கொடி மாப்பிள்ளை நாற்காலியில் சாய்ந்தது, கடைசியில் விருந்தாளிகளாகிய நாங்கள் பட்டுச்சேலையும் வியர்வையுமாக எதிர்வீட்டுச் சுவரோரம் ஒண்டினோம்.

"மா! ஆளுங்க எங்க உக்காருவாங்க?" தினேஸ்வரிக்குக் கண்ணில் நீர் முட்டியது. "அவங்க அம்மா இதைப் பார்த்தா அப்படியே திரும்பிருவாங்கமா!"

"இதோ எடுத்துர்றேன்லா" என்று அக்கா குனிவதற்குள் வேன் வந்து நின்றது.

மாப்பிள்ளையின் அம்மா இறங்கினார். வெயிலில் நின்ற எங்களைப் பார்த்தார். நிழலில் இருந்த தொட்டிகளைப் பார்த்தார். தட்டு தூக்கி வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். தேவன் கண்ணை மூடிக்கொண்டார். அம்மாள் நேரே பந்தலுக்குள் போய், ரத்தச் சிவப்புக் கெலாடி ஒன்றின் முன் நின்று, மூச்சை இழுத்தார்.

"சம்பந்தியம்மா! இது எப்படிங்க இவ்ளோ சிவப்பு? என்கிட்ட வெளுத்துப் போவுதே!"

"காலை வெயில் மட்டும் காட்டணும்ங்க. அப்புறம் நிழல்தான்."

பிறகென்ன? இருவரும் தொட்டி தொட்டியாகப் போனார்கள். நல்ல நேரம் முடியப்போகிறதென்று ஐயர் கத்திய பிறகுதான் தட்டு மாற்றினார்கள். தினேஸ்வரி சிரித்தாள். எனக்கே கண் கலங்கியது. பாதி வியர்வைதான்.

புறப்படும்போதுதான் அது நடந்தது. சம்பந்தியம்மாளின் கைப்பை வாயில் ஒரு சிவப்பு இலை எட்டிப் பார்த்தது. அக்கா அதைப் பார்த்தார். வேர்விட்ட ஒரே பக்கக் கன்று! ஆறு மாதம் காத்து வளர்த்தது! அவர் வாய் திறந்தது. தினேஸ்வரி தன் அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தாள். வாய் மூடிக்கொண்டது. பெற்ற பாசம் என்றால் என்னவென்று அன்றுதான் கண்டேன்.

வேன் நகர்ந்தது. அக்கா கையாட்டியபடியே தேவனிடம் கேட்டார்:

"நாம எப்பங்க சுங்காய்க்குப் போறோம்? பெரிய பையா ஒண்ணு வாங்கணும்."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். அதற்கு முன், உங்கள் கார் இப்போது எங்கே நிற்கிறது? வெயிலிலா? சரி, அந்தக் கைப்பையையும் கொஞ்சம் திறந்து காட்டுங்கள்.