சம்பந்தியின் பன்னிரண்டாவது பிளாப்பி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் உடம்பளவில் சௌக்கியம். மற்றதைக் கீழே எழுதியிருக்கிறேன். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளையும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படிக்கவும். காலை மாத்திரையைப் போட்டுக்கொண்ட பிறகு படித்தால் எனக்கு இன்னும் நிம்மதி.

போனிலேயே சொல்லியிருக்கலாம். மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் நீங்கள் எடுத்து "ம்" என்றீர்கள். அதைக் கேட்டதும் அங்கே மழை உண்டா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். முப்பது வருஷம் நில அளவை அதிகாரியாக இருந்து, எத்தனையோ எல்லைத் தகராறுகளை அந்த ஒரு எழுத்திலேயே தீர்த்துவைத்தவர் நீங்கள் என்று மாப்பிள்ளை பெருமையாகச் சொல்லியிருக்கிறார். நான் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவன். எனக்கு அவ்வளவு தாங்காது.

விஷயம் உங்கள் பழைய கம்ப்யூட்டரைப் பற்றியது. தப்பு என் வாயினுடையது. நம் பிள்ளைகளுக்குக் கல்யாணமான புதிதில் உங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஒயர் இருக்கிற எந்தச் சாமானையும் என்னால் சரிசெய்துவிட முடியும் என்று அளந்துவிட்டேன். மறுநாள் பெட்ஷீட்டில் சுற்றிய கம்ப்யூட்டரும் பன்னிரண்டு பிளாப்பித் தட்டுகள் அடங்கிய டப்பாவுமாக எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினீர்கள். கம்ப்யூட்டரைத் தொட்டே முப்பத்தைந்து வருஷமாகிறது, பன்னிரண்டாவது பிளாப்பியில் இருப்பதை எடுத்துத் தந்தால் போதும் என்றீர்கள். "வேற எது போனாலும் போகட்டும். அது மட்டும் பத்திரம்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டீர்கள். அன்றிலிருந்து எனக்கும் தண்ணீர் சரியாக இறங்குவதில்லை.

மூடியைத் திறந்தால், உள்ளே இருந்த பேட்டரி எப்போதோ கசிந்து போர்டு முழுக்கப் பச்சை பூத்துக் கிடந்தது. செம்புக் கோடுகளில் நாலைந்தை அரித்துத் தின்றிருந்தது. இதற்கெல்லாம் வைத்தியம் உண்டு. வினிகரைத் தொட்டுப் பழைய டூத் பிரஷால் தேய்த்தால் போய்விடும். தேய்த்தேன், போய்விட்டது. பிரஷைக் கழுவிப் பழக்கதோஷத்தில் குளியலறையில் வைத்துவிட்டேன். அது பழைய பிரஷ் இல்லை, அந்த வாரம் இங்கே தங்கியிருந்த மாப்பிள்ளையுடையது என்பது மறுநாள் காலை அவர் முகம் போன போக்கைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வினிகரால் கெடுதல் இல்லை என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார். பச்சையைப் பற்றி நான் அவரிடமும் கேட்கவில்லை, மாப்பிள்ளையிடமும் சொல்லவில்லை. அவர் நன்றாகச் சாப்பிடுகிறார்தானே?

நர்ஸம்மா என்பவர் எங்களுக்கு மேல் வீட்டில் இருப்பவர். அவர் எங்கள் வீட்டுக்குள் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். அரித்துப்போன கோடுகளுக்குப் பதிலாக மெல்லிய ஒயர்களைப் பற்றவைத்து, கரண்ட் கொடுத்தேன். இரண்டு நிமிஷம் சமர்த்தாக ஓடியது. சும்மா இராமல் என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வந்து நின்றதும் பவர் சப்ளைக்குள் கெப்பாசிட்டர் ஒன்று டப்பென்று வெடித்தது. கட்டைவிரல் அளவு சாமான்தான், ஆனால் அதன் புகையும் நாற்றமும் மூன்று வீட்டுக்குத் தாராளமாகப் போதும். நர்ஸம்மா வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். பிளக்கோ இன்னும் சுவரில் இருந்தது. நான் கம்ப்யூட்டரின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, "ஊத்திடாதீங்கம்மா, இது சம்பந்தியோடது" என்றேன். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு என் நாடியைப் பிடித்துப் பார்த்தார். நெருப்புக்குக்கூட இந்த மனிதர் இவ்வளவு பயப்படவில்லையே என்று என் மனைவியிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

பவர் சப்ளையைச் சரிசெய்தால் பிளாப்பியைப் படிக்கிற டிரைவ் காலை வாரியது. அதன் ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி வழிந்திருந்தது. வேறொரு டிரைவைப் பழைய சாமான் கடைக்காரரிடம் பிடித்தேன். அது எத்தனை நாள் தாங்குமோ என்ற பயத்தில், சொந்தமாக ஒரு துணைப் போர்டு கட்ட உட்கார்ந்தேன். நகம் அளவு மெமரி கார்டை வைத்துக்கொண்டு, நான்தான் பிளாப்பி டிரைவ் என்று கம்ப்யூட்டரிடம் கூசாமல் பொய் சொல்கிற போர்டு அது. எல்லாப் பிளாப்பியையும் அதில் நகலெடுத்துவிட்டால் அப்புறம் கவலையில்லை. முப்பத்துநாலு ஒயரையும் ஒவ்வொன்றாகப் பற்றவைத்துச் செருகினேன். விளக்கு எரிந்தது. எரிந்தது அணையவே இல்லை, கம்ப்யூட்டரும் வாய் திறக்கவில்லை. நான்கு நாள் ஒவ்வொரு சிப்பாகக் கழற்றி மாட்டினேன். அதில் ஒன்றுக்குக் கால் ஒடிந்து, தையல் ஊசியை வெட்டிக் கால் வைக்க வேண்டியதாயிற்று. கடைசியில் பார்த்தால் கேபிளைத் தலைகீழாகச் செருகியிருக்கிறேன். அந்த நான்கு நாளும் என் மகள் போன் செய்தாள். "அப்பா, மாமா சாப்பிடுறப்ப தினம் ஒரு தடவை என்னைப் பாக்குறாரு. ஒண்ணும் கேக்கல, பாக்குறாரு, அவ்வளவுதான். அதுக்கு நான் என்னன்னு பதில் சொல்றது?" என்றாள். எல்லாம் முடிந்துவிட்டது என்று அவளிடம் சொன்னேன். எந்த அர்த்தத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

கேபிளைத் திருப்பிப் போட்டதும் பதினொரு பிளாப்பிகளும் ஒழுங்காக நகலாகிவிட்டன. அவ்வளவும் சர்வே எண்களும் எல்லைக் கற்களும்தான். பன்னிரண்டாவதில் பூஞ்சை பிடித்திருந்தது. உறையைப் பிரித்து, தட்டைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்துப் போட்டேன். கரும்பலகையில் நகத்தால் கீறுகிற சத்தம் வந்தது. பிடுங்கிப் பார்த்தால் தட்டில் தலைமுடி கனத்துக்கு வட்டமாக ஒரு கீறல். சம்பந்தி, இதைச் சொல்லத்தான் இரண்டு பக்கம் சுற்றி வந்தேன். அப்புறம் டிரைவைத் துடைத்துத் துடைத்து, இரண்டு நாள் துணுக்குத் துணுக்காகப் படிக்கவைத்ததில் பெரும்பகுதி வந்துவிட்டது. கடைசிப் பகுதி மட்டும் போனது போனதுதான்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கத் திரையில் திறக்கவேண்டியிருந்தது. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்க் கடிதம். "அன்புள்ள மாமாவுக்கு" என்ற முதல் வரியைப் பார்த்ததுமே கண்ணை மூடிக்கொண்டேன். என் மனைவியையும் அந்தப் பக்கம் அண்டவிடவில்லை. இது சத்தியம்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாவற்றையும் நானே கொண்டுவந்து ஒப்படைக்கிறேன். கோபம் முழுவதையும் என் மேல் காட்டுங்கள். என் மகளை ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். எது கேட்டாலும் உடனே சத்தமாகப் பதில் கிடைக்கிற வீட்டில் வளர்ந்தவள். யாராவது பேசாமல் இருந்தால் பயந்துவிடுவாள். இனி இந்த ஜென்மத்தில் அடுத்தவர் மெஷினைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்து, திருப்புளிகளைப் பெட்டியில் பூட்டிச் சாவியை என் மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் நமஸ்காரங்கள். குழந்தைகள் இருவரும் தீர்க்காயுசாக, உங்கள் நிழலில் சந்தோஷமாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு, கீறலுக்கு மன்னிப்புக் கோரும்,
உங்கள் சம்பந்தி.

பி.கு.: முதல் வரியோடு நிறுத்தினேன் என்பது பொய். மூன்று தடவை படித்தேன். மனைவியும் படித்தாள். மாமனார் வெளியூர் போயிருந்தபோது அவருடைய சுவர்க் கடிகாரத்தைச் சரிசெய்கிறேன் என்று பிரித்துவிட்டு, திரும்பப் பூட்டும்போது ஐந்து பல்சக்கரம் மிச்சமாகி, அதைத் தலையணை உறைக்குள் ஒளித்துவைத்தீர்களே, அந்த இடத்தில் எனக்கே கை வியர்த்தது. "உங்களைக் கண்டால் பயத்தில் எனக்குப் பேச்சு வருவதில்லை மாமா, அதனால்தான் இதை அடிக்கிறேன்" என்று எழுதியிருந்த இடத்தில் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். கீறல் விழுந்தது அதற்கு அடுத்த பாராவில். மாமனார் என்ன சொன்னார்? சம்பந்தி இத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறார் என்றால் கடிதத்தைக் கொடுத்தே இருக்கமாட்டார் என்கிறாள் என் மனைவி. கடிகாரமும் சக்கரங்களும் இன்னும் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்துவையுங்கள். பெட்டிச் சாவியைத் திரும்ப வாங்கிவிட்டேன்.