தகரத்தில் வெட்டிய பெயர்

ஆம்பூர்,
பிரபவ வருஷம், ஆனி மாதம்.

பாகாயத்தில் வாசம் செய்யும் மாப்பிள்ளை கங்காதரன், பி.ஏ. அவர்களுக்கு, ஆம்பூர் தோல் ஷாப்பில் ரைட்டர் உத்தியோகம் பார்க்கும் மாமனார் பரந்தாமன் அநேக ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உங்கள் மாமியார் கமலவேணியும் சுகம். அதாவது இந்த வரி எழுதும் வரைக்கும் சுகம். அங்கே நீங்களும் எங்கள் மகள், குழந்தை அமிர்தவள்ளியும் சுகமாக இருக்கவும், பள்ளிக்கூடத்தில் உங்கள் இங்கிலீஷ் வாத்தியார் வேலை மேன்மேலும் விருத்தியாகவும் பகவான் துணை. நிற்க.

பொங்கலுக்கு வந்திருந்தபோது என் இங்கிலீஷைப் பார்த்துவிட்டு, பெயர் எழுதினால் முதல் எழுத்து மட்டும் பெரியதாக இருக்கவேண்டும், வாக்கியம் தொடங்குகிற இடத்தில் ஒன்று பெரியது, மற்றதெல்லாம் சின்னது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தீர்கள். நான் தலையை ஆட்டினேனே தவிர மனசு ஒப்பவில்லை. நம் தமிழில் எழுத்துக்குள் பெரியவன் சின்னவன் கிடையாது. மரியாதை காட்ட வேண்டுமானால் 'அவர்கள்' போடுகிறோம், ஆயிற்று. இங்கிலீஷ்காரனுக்கு 'அவர்கள்' இல்லாத குறைக்குத்தான் பெரிய எழுத்து வைத்திருக்கிறான் என்று நான் நினைத்தேன். அப்படியிருக்க, எங்கள் பெரிய முதலாளி முக்தார் அகமது சாயபு பெயரில் முதல் எழுத்துக்கு மட்டும் நாற்காலி போட்டு, மிச்சத்தையெல்லாம் தரையில் உட்காரவைப்பது எந்த ஊர் நியாயம்? ஆகையால் எங்கள் தோலை வாங்கி லண்டனுக்கு அனுப்புகிற மெட்ராஸ் கம்பெனிக்கு எழுதிய கடுதாசியில் அவர் பெயரை ஆரம்பம் முதல் கடைசி வரை பெரிய எழுத்தாகவே எழுதிவிட்டேன். அவருக்கு உருது எழுத்துத்தான் தெரியும். காகிதத்தை வாங்கி, விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்த்து, "இன்னா ரைட்டரே, ஒவ்வொண்ணும் ஆள் படுக்கிற அளவுக்கு இருக்குதே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அடுத்த ஜும்மா தொழுகைக்கு முன்னால் மௌத்தாகிவிட்டார். வயசானவர், நெஞ்சுச்சளி வேறு, அதனால் நான் அப்போது ஒன்றும் நினைக்கவில்லை.

பிற்பாடு சத்தார் பாய் விஷயம். உங்களுக்கு அவனைத் தெரியாது. பதனிட்ட தோலைக் கட்டி, கோணி சுற்றித் தைத்து பேல் ஆக்கியதும், எழுத்து வெட்டிய தகர அச்சை அதன்மேல் வைத்துக் கறுப்பு மையைப் பூசுவது அவன் வேலை. கம்பெனி மார்க் விழுந்துவிட்டால் அந்த பேலை அப்புறம் யாரும் பிரிக்கக்கூடாது, நேரே ரயில்தான், அங்கிருந்து கப்பல்தான். மார்க் போடும்போது உயிரோடிருக்கிற யார் பெயரையும் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்று கூலியாட்களுக்குள் ஒரு வழக்கம்கூட உண்டு, இருமித்தான் கூப்பிடுவார்கள். நான் அதைக் கேலி செய்துகொண்டிருந்தவன். வாழ்நாளெல்லாம் அடுத்தவன் பெயருக்கு மை பூசுகிறேனே, என் பெயர் எப்படி இருக்கும் என்று பார்க்கணும் ரைட்டரே என்று அவன் கேட்டதும், பாவம், முழுப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அவனே தகரத்தில் வெட்டி, தோல் காயப்போடுகிற கொட்டகைச் சுவரில் மையடித்து, எட்ட நின்று ரசித்துக்கொண்டிருந்தான். மத்தியானம் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பி வந்தோம், ஆள் இல்லை. பிரஷ்ஷில் மை ஈரமாக இருந்தது. செருப்பு இரண்டும் சுவரைப் பார்த்து, சுவரை ஒட்டி, ஒழுங்காக விட்டிருந்தது. சுவருக்குள் போகிறவன் வாசலில் கழற்றிவிட்ட மாதிரி.

நாட்றம்பள்ளியில் தம்பி வீட்டுக்குப் போயிருப்பான் என்று ஆளாளுக்குச் சொன்னோம். தம்பியே நாட்றம்பள்ளியிலிருந்து வந்து, அண்ணன் எங்கே என்று எங்களைக் கேட்டான். தோல் ஊறவைக்கிற சுண்ணாம்புக் குழியெல்லாம் கழி விட்டுத் துழாவினார்கள், ஒன்றுமில்லை. அந்த எழுத்தின்மேல் வெள்ளை அடித்தார்கள். காலையில் அடித்தால் சாயங்காலத்துக்குள் அடியிலிருந்து பெயர் மறுபடி மேலே வந்துவிடுகிறது. கறுப்பு மை அப்படித்தான், ஊறி வரும் என்று மேஸ்திரி சொல்கிறார். ஊறி வரட்டும், ஆனால் கிட்டே போனால் இப்போதுதான் பூசினதுபோல் மை வாசனை ஏன் அடிக்கிறது?

அப்போதுதான் மாப்பிள்ளை, எனக்குப் புத்தியில் உறைத்தது. முழுப் பெரிய எழுத்தில் இங்கிலீஷ்காரன் எதை எழுதுகிறான் என்று யோசித்துப் பாருங்கள். வேலூர்க் கல்லறைத் தோட்டத்தில் வெள்ளைக்காரர்கள் பெயர் ஒவ்வொன்றும் முழுப் பெரிய எழுத்து. உங்கள் தகப்பனார் காலமானதாக நமக்கு வந்த தந்தி, அடியிலிருந்து நுனி வரை பெரிய எழுத்து. எங்கள் பேல் மார்க்கும் அதே. உயிரோடிருக்கிறவனுக்கு முதல் எழுத்து பெரியது, மிச்சம் சின்னது. கட்டித் தைத்து அனுப்பியாகிவிட்டது, இனிமேல் பிரிக்கிறதில்லை என்றால் எல்லாமே பெரியது. இதுதான் சூத்திரம். நீங்கள் சொன்ன பாடத்தில் காரணத்தை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள், அதனால் இரண்டு பேர் போய்விட்டார்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். புது முதலாளி மக்பூல் அகமது, தகப்பனாருக்கு விசுவாசமாக உழைத்தவன் என்று எனக்கு ஒரு கௌரவம் செய்ய ஆசைப்பட்டார். சரக்கைச் சரிபார்த்தவர் என்று ஒரு பொறுப்பான ஆள் பெயர் கம்பெனி மார்க்குக்குக் கீழே இருந்தால் லண்டனில் மதிப்பு ஜாஸ்தியாம். என்னை ஒரு வார்த்தை கேட்காமல், என் பெயரை முழுப் பெரிய எழுத்தில் தகரத்தில் வெட்டி, என் மேஜைக்கு மேலே ஜன்னலில் ஆணியடித்து மாட்டிவிட்டார். வருகிற திங்கட்கிழமை பேல் கட்டியதும் மை பூசப்போகிறார்கள். மத்தியான வெயில் அந்தத் தகர ஓட்டைகள் வழியாகத் தரையில் விழுகிறது. என் பெயர் வெளிச்சமாகத் தரையில் கிடக்கிறது, மாப்பிள்ளை. முதல் நாள் கதவோரம் கிடந்தது. மறுநாள் நடுக்கூடம். நேற்று என் கட்டைவிரல்மேல் ஏறியது, வெயில்பட்ட இடம் சூடாக அல்லவா இருக்கவேண்டும், சில்லென்று இருந்தது. இரண்டு காலையும் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு எழுதினேன். முதலாளி பார்த்துவிட்டு, மூலமா ரைட்டரே, சூரணம் வாங்கித் தரட்டுமா என்று அன்பாக விசாரித்தார்.

நான் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வந்த கதி யாருக்கும் வரக்கூடாது என்று, மெட்ராஸ் கம்பெனிக்கு எழுதிய கடுதாசியில் ஒரு பெரிய எழுத்துக்கூட இல்லாமல் எழுதினேன். கம்பெனி துரை பெயர், ஊர் பெயர், ராஜா பெயர், எல்லாம் சின்னது. அவர்கள் உயிரைக் காப்பாற்றத்தான் செய்தேன். அவர்களோ, எங்களைப் புழு பூச்சி என்று நினைத்தாயா என்று காட்டமாகப் பதில் போட்டு, சரக்கே வேண்டாம் என்கிற அளவுக்குப் போய்விட்டார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கேட்டபோது வாய் குழறிவிட்டது. நான் என்ன படித்தவனா முதலாளி, என் மாப்பிள்ளை கங்காதரன்தான் பி.ஏ., எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்ததே அவர்தான் என்று சொல்லிவைத்தேன். "பி.ஏ.வா?" என்றார். உங்கள் பெயரை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

ஆகையால் உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது: இந்தக் கடிதம் கண்டதும், என் பெயரை அந்தத் தகரத்திலிருந்து எடுத்துவிடும்படி எங்கள் முதலாளிக்கு நல்ல இங்கிலீஷில் நாலு வரி எழுதுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் இன்னும் கொஞ்ச காலம் இருக்கவேண்டும், பேரன் முகத்தைப் பார்க்கவேண்டும். நீங்கள் எனக்கு மாப்பிள்ளை இல்லை, பிள்ளை. பிள்ளை இருக்கும்போது தகப்பன் பேலில் ஏறலாமா?

உங்கள் இருவருக்கும் தீர்க்காயுசு உண்டாகட்டும். உங்கள் மாமியார் விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நன்மையே கோரும் மாமனார்,
பரந்தாமன்.

பின்குறிப்பு: மடித்து உறையில் போடுகிற சமயம் ஷாப் பியூன் அப்துல் கரீம் வந்து, "ரைட்டரே, உங்க பேர் வெட்டின தகரத்த முதலாளி தூக்கிப் போட்டுட்டார். பி.ஏ. படிச்ச உங்க மாப்பிள்ளை பேருதான் இனிமே பேல்ல. அச்சு வெட்டியாச்சு" என்று சொல்லிவிட்டுப் போகிறான். ஆட்சேபணை செய்ய எனக்கு மனம் வரவில்லை. படித்தவருக்குச் சேரவேண்டிய கௌரவம்தானே. கால் கட்டைவிரலும் இப்போது கதகதவென்று இருக்கிறது. மேலே எழுதியதெல்லாம் பித்தம் தலைக்கேறி எழுதியது, நம்ப வேண்டாம். எழுத்து என்பது வெறும் மை. முதலாளிக்கு நீங்கள் ஒன்றும் எழுத வேண்டியதில்லை. வீட்டில் செருப்பை எந்தப் பக்கம் பார்த்துக் கழற்றி விடுகிறீர்கள் என்பதை மட்டும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளவும். குழந்தை அமிர்தவள்ளியை ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கே இங்கே அனுப்பி வையுங்கள். அவளுடைய துணிமணி, பாத்திரம், எல்லாவற்றையும் கூடவே கொடுத்தனுப்பவும்.