நாலரை வருஷத்துக்கு ஒரு சுற்று

உத்தமபாளையத்தில் ஒருமுறைகூட அண்ணாந்து பார்க்காமல் வானத்தை ஆராய்ந்த ஒரே மனிதர் வைண்டிங் மாமாதான். என் அக்கா வீட்டுக்காரர். மோட்டார் காயில் கட்டிக் கட்டிக் கழுத்து குனிந்த வாக்கில் நின்றுவிட்டது. மேலே பார்க்க வேண்டுமென்றால் மல்லாந்து படுக்க வேண்டும்.

2005-இல் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்தது சுவிட்ச் மட்டும். மாமா மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இரண்டாம் கேபினில் உட்காருவார். வெளிநாட்டு டெலஸ்கோப் எடுத்த படங்களை யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாமாம். ஒரே இடத்து வானம், நாலு படம். மாற்றி மாற்றித் தட்டினால் நட்சத்திரம் அசையாது. ஒரு புள்ளி மட்டும் நகர்ந்தால், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சூரியனைச் சுற்றும் கல்லாக இருக்கலாம்.

"காயில்ல அறுந்த கம்பியக் கண்டுபிடிக்கிறவனுக்கு இதென்ன மாப்ள பெரிசு?" என்பார். ஒருநாள் கண்டே பிடித்துவிட்டார்.

படம் கொடுத்த வெளிநாட்டுக்காரர்களுக்கு எழுதிப் போட்டதும் சென்டர் முகவரிக்கு மெயில் வந்தது. முதல் வரியிலேயே வாழ்த்து. அதற்கு மேல் படிக்க நான் என்ன வக்கீலா? நேரே போய் என் போட்டோ போட்டு பிளக்ஸ் அடித்தேன்: 'விண்கல் பெயர் சூட்டு விழா'. பேர் வைப்பது தாய்மாமன் உரிமையல்லவா? என் பெயரையே வைத்தேன். அடக்கம் கருதி இனிஷியலை விட்டுவிட்டேன்.

மாமா இரண்டு நாள் அந்த போர்டுக்கு அடியிலேயே போய்வந்தார். கழுத்து அப்படி. மூன்றாம் நாள் அக்கா சொல்லிவிட்டாள். மாமா நேரே சென்டருக்கு வந்தார்.

"கண்டுபிடிச்சவன் நானு, பேரு ஒன்னோடதா?"

"நீங்க அப்பன் மாமா. நான் தாய்மாமன்ல?"

"ஏலே, கல்லுக்கு ஏதுடா தாய்?"

அன்றோடு பேச்சு நின்றது. இரண்டாம் கேபின் காலி. அக்கா வீட்டுக் கறிக்குழம்பும் நின்றது.

ஆறு மாதம் கழித்து இன்னொரு மெயில். இதைக் கடைசி வரி வரைக்கும் படித்தேன். கல்லின் பாதையைக் கணக்குப் போட்டுப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். பல வருஷம் முன்பே வேறொரு டெலஸ்கோப்பில் மாட்டிய அதே கல். காகிதத்தோடு பட்டறைக்குப் போனேன்.

"மாமா, நமக்கு முன்னாடியே பாத்துட்டாகளாம். பேரும் அவுகதான் வைப்பாகளாம்."

கை நின்றது. கண் காயிலை விட்டு எழவில்லை.

"ஒரு சுத்துக்கு எம்புட்டு நாளாம்?"

"நாலரை வருஷம்."

"சுத்துதுல்ல? விடு. உக்காரு மாப்ள, டீ சொல்றேன்."

பிளக்ஸ் பட்டறைக் கூரை ஒழுகலை அடைக்கப் போனது. மாமா மல்லாந்து படுத்தால் என் முகம் தெரியும்.

2010-இல் ஒரு மத்தியானம் போன் வந்தது. "மாப்ள, நம்ம கல்லு ஒரு சுத்து முடிச்சிருச்சு."

"பத்திரமா வந்துச்சா மாமா?" என்றேன்.

தாய்மாமன் வேறெப்படிக் கேட்பான்?