இடது கால் பயிற்சியும் ஒரு பலாப்பழமும்

பெண் வீட்டார் வருகிற நாளில் மாப்பிள்ளைப் பையனை வீட்டுக்குள் கட்டிப்போட்டு வைப்பது நல்லது. என் விஷயத்தில் யாருக்கும் அது தோன்றவில்லை.

வெள்ளைக்காரன் ஆட்சி நடந்த காலம். நான் கொல்லிமலையிலிருந்து இறங்கி, காளப்பநாயக்கன்பட்டியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் கூடைப்பந்து ஆடுவேன். (ஆடுவேன் என்பது என் கருத்து.) எம்பும்போது வலது காலைத்தான் நம்புவேன், இடது கால் சும்மா கூட வரும். டிரில் மாஸ்டர் அதைக் கவனித்துவிட்டார்.

"லீவு முழுக்க இடது கால்ல நொண்டியடி. குதிச்சா ரெண்டு காலும் ஒண்ணாத் தரையில படோணும். அப்பத்தான் டீம்ல இடம்" என்றார்.

லீவில் எங்கள் சாமைக் காட்டு வரப்பில் நொண்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவரும் அவர் மனைவியும் வந்தார்கள். மலையில் எங்களுக்கு அடுத்த பகுதியான பெரக்கரை நாட்டு வள்ளியின் பெற்றோர் என்று எனக்குத் தெரியாது. (கோயில் திருவிழாவில் வள்ளியைப் பார்த்ததோடு சரி. பெற்றோரைப் பார்க்க நேரமிருக்கவில்லை.)

"ஏங் கண்ணு, காலுக்கு என்ன?"

"இடது கால் சரியில்லீங்க. வலது காலும் சுமார்தானுங்க. ரெண்டையும் சமமாக்கப் பயிற்சி பண்ணிக்கிட்டிருக்கறேன்."

அந்த அம்மாளுக்குக் கண் கலங்கியது. என் முயற்சி அவரை உருக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் இருவரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். "ரெண்டு காலும் கோளாறுன்னு பையனே சொல்லிப்போட்டானுங்க" என்றார் பெரியவர். அப்பா என்னைப் பார்த்தார். வந்தவர்கள் யார் என்று அப்போதுதான் புரிந்தது. வள்ளி கைநழுவிப் போகிறாள்.

"கொஞ்சம் இதைப் பார்த்துட்டுப் போங்க" என்று வாசல் பலாமரத்தை நோக்கி ஓடி, இடது காலை ஊன்றி எம்பினேன். அவ்வளவு உயரம் நான் எம்பியதே இல்லை. கை பட்டதும் கனிந்த பழம் ஒன்று அறுந்து விழுந்து பிளந்தது. அதன் பின்னாலேயே நானும் இறங்கினேன். இரண்டு காலும் ஒரே நேரத்தில், பழத்துக்குள். சுளையும் சாறும் பெரியவரின் வெள்ளை வேட்டியெல்லாம் தெறித்தன.

கணுக்கால்வரை பலாவில் புதைந்து நின்ற என்னைச் சுற்றி வந்து பார்த்த அந்த அம்மாள்தான் கணவரிடம் சொன்னார்:

"காலு ரெண்டும் நல்லாத்தானுங்க இருக்குது. மத்ததை நம்ம புள்ளை பார்த்துக்குவா."

தை மாதம் கல்யாணம். பெரக்கரை நாட்டில் இன்றுவரை என் பெயர் யாருக்கும் தெரியாது. 'பலாக்கால் மாப்பிள்ளை' என்றால்தான் தெரியும். மாமியார் இருந்தவரை, சுளை வைத்த தட்டை என் கையில் கொடுக்கும்போதெல்லாம் சொல்வார்:

"உக்காந்தே சாப்புடுங்க மாப்ளே."