படங்களுக்குச் சாதகம் எழுதியவர்

யாழ்ப்பாணத்தில் மனிதருக்குச் சாதகம் எழுத ஊருக்கு ஒருவர் இருப்பார். மாட்டுக்குச் சாதகம் பார்த்த ஒருவரைக்கூட நான் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் படத்துக்குச் சாதகம் எழுதிய ஆள் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். வட்டுக்கோட்டையில் எங்கள் ஒழுங்கை முகப்பில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் சாதகம் அண்ணை. பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று அவருடைய அடையாள அட்டையைத்தான் கேட்க வேண்டும்.

இந்தக் காலத்துக் கமரா சும்மா படம் எடுப்பதில்லை. எத்தனை மணிக்கு, எந்த லென்ஸில், எவ்வளவு வெளிச்சத்தில் எடுத்தது என்று படத்துக்குள்ளேயே குறித்தும் வைத்துக்கொள்ளும். மற்றப் படப்பிடிப்பாளர்கள் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இவருக்கு மட்டும் அது பெரிய மனச்சாட்சிப் பிரச்சினையாகிவிட்டது.

"படத்தை மட்டும் சனத்திட்டைக் குடுத்துட்டு விபரத்தை நாங்கள் வைச்சிருக்கிறது களவு, தம்பி," என்பார்.

முதலில், கொம்பியூட்டரில் கிடந்ததை அப்படியே அச்சடித்து அல்பத்தோடு கொடுத்துப் பார்த்தார். பேத்தியின் பூப்புனித நீராட்டு அல்பத்தை வாங்கிய ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் அதில் 85 மில்லிமீற்றர் என்று இருந்ததைப் பார்த்துவிட்டு ஸ்ரூடியோவுக்கே வந்துவிட்டார். "உதென்ன காணும்? என்ரை பேத்தியின்ரை சாமத்தியவீட்டண்டு ஒரு துளி மழையும் பெய்யேல்லையே!" லென்ஸின் அளவு அது என்று சொல்லி விளங்கவைக்க ஒரு பின்னேரம் போயிற்று. போகும்போதும் அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் போனார்.

அன்றைக்குத்தான் அண்ணைக்கு ஞானம் பிறந்தது. எங்கள் சனம் தாங்களாகவே எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு கவனமாக வாசிக்கிற விபரத்தாள் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது சாதகம்! உடனே ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தாள் அடித்தார். உச்சியில் பிள்ளையார் சுழி, நாலு மூலையிலும் மஞ்சள். மெதடிஸ்த குடும்பங்களுக்கு மஞ்சள் பூசாமல், சுழிக்குப் பதில் சிலுவை போட்டு வேறாக ஒரு பதிப்பு இருந்தது. அதற்குக் கீழே பிறந்த நாள், பிறந்த நேரம், பிறந்த இடம். மயிலிட்டியில் எடுத்த ஒரு படத்தின் பிறந்த இடத்தைக் கமரா வெறும் இலக்கங்களாகக் காட்ட, இவர் அதை "துறைமுகத்தில் கட்டியிருந்த நீல வள்ளத்துக்கு இடப்பக்கம், கருவாட்டு மணம் வருகிற இடம்" என்று மொழிபெயர்த்திருந்தார்.

கடைசியில் பலன்கள். "கமரா கண் திறந்திருந்த நேரம்: ஒரு செக்கனை நூற்றிருபத்தைந்தாக வெட்டினால் வரும் ஒரு துண்டு. அதற்குள்ளும் சித்தப்பா கண்ணை மூடிவிட்டார்." "மாப்பிள்ளை மூச்சை அடக்கியிருந்தபடியால் வயிறு இதில் தெரியாது." "திருத்தம்: பெரிய மாமியின் வேண்டுகோளின்படி நிறம் ஏற்றப்பட்டது. போதாதென்றதால் இன்னொருமுறை ஏற்றப்பட்டது." அந்தப் பெரிய மாமி அதற்குப் பிறகு ஸ்ரூடியோ வாசலால் போகும்போதெல்லாம் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு போவார். அண்ணையோ, வெயிலுக்காக்கும் என்று நினைத்துக்கொள்வார்.

உடுப்பிட்டிக் கதை இன்னும் விசேஷம். ஒரு வீட்டில் மகளின் படத்தைச் சுவிஸ் மாப்பிள்ளைக்கு அனுப்பினார்கள். அனுப்பியவர்கள் படத்தின் பின்னால் ஒட்டியிருந்த சாதகத்தைக் கவனிக்கவில்லை. பெண்ணின் சாதகப்படி வயது இருபத்தெட்டு, படத்தின் சாதகப்படி அந்தப் படத்துக்கே வயது எட்டு! கலியாணத் தரகர் ஸ்ரூடியோவில் வந்து நின்று குதித்தார்.

"ஒரு நல்ல சம்பந்தத்தைக் குழப்பிப்போட்டீரே! உமக்கென்ன விசரே?"

"விபரம் பொய் சொல்லாது, அண்ணை. வேணுமெண்டால் புதுப்படம் எடுப்பம், பிள்ளையைக் கூட்டியாங்கோ," என்றார் இவர், கமராவைத் துடைத்தபடி. புதுப்படம் எடுத்தார்கள். சுவிஸ் மாப்பிள்ளைக்குப் புதுப்படம்தான் பிடித்ததாம். அதற்குப் பிறகு அண்ணையைப் பிடிக்க முடியவில்லை. வழியில் போகிறவரை மறித்து, "கண்டனீரே? விபரம்!" என்பார்.

இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவன் நான். என் தங்கச்சி வதனியின் கலியாணத்தோடு என் சிரிப்பு நின்றது.

ஒரு புதன்கிழமை. முகூர்த்தம் பதினொன்று ஐம்பத்துநாலு வரை. பன்னிரண்டுக்கு இராகுகாலம் தொடங்கிவிடும். வதனி கூறைச்சேலை மாற்ற உள்ளே போனாள். போனவள் போனவள்தான். சேலைக்குக் கொசுவம் பிடிக்க மூன்று பேர், அந்த மூன்று பேரையும் பிழை பிடிக்க ஐந்து பேர். வெளியே ஐயர், "பொம்பிளையைக் கூட்டி வாங்கோ!" என்று தொண்டை கிழியக் கத்தினார். மண்டபத்து மணிக்கூட்டைச் சோடனைக்காரர் பூவால் மூடியிருந்தார்கள். கெட்டிமேளம் கேட்டதும் எல்லோரும் அட்சதையை எறிந்தோம். நேரம் பார்க்க யாருக்கு நினைவு வரும்?

கமராவுக்கு வந்தது. அல்பம் வந்த அன்று வதனியின் மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாலிகட்டுப் படத்தின் சாதகத்தை ஆற அமர வாசித்தார். பிறந்த நேரம், நண்பகல் பன்னிரண்டு மூன்று.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பால் திரிந்தாலும் இராகு, வதனியின் மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளில் சறுக்கினாலும் இராகு. கடைசியில் மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "உது தாலி இல்லை. நாள் பாத்துத் திரும்பக் கட்டுவம். அதுவரைக்கும் பிள்ளை தாய் வீட்டிலை இருக்கட்டும்." மாப்பிள்ளை தாயின் சொல்லுக்கு மறுசொல் சொல்லத் தெரியாத அப்பாவி. வதனி ஒரு பையோடு வந்து இறங்கினாள். ஊர் கேட்ட கேள்விகளுக்குப் பயந்து அம்மா படலையைப் பூட்டிவைத்தார்.

நான் கொதித்துக்கொண்டு ஸ்ரூடியோவுக்குப் போனேன். வதனியும் கூடவே வந்தாள். நான் திட்டித் தீர்த்தேன். வதனி மட்டும் மெல்லக் கேட்டாள்.

"அண்ணை, உங்கடை விபரம் ஒருக்காலும் பிழைக்காதோ?"

"பிழைக்காது, பிள்ளை," என்றார்.

அவள் அழத் தொடங்கினாள். அவர் ஏற்கெனவே துடைத்திருந்த லென்ஸை எடுத்துத் திரும்பவும் துடைத்தார். பிறகு, "நாளைக்கு உன்ரை மாமி வீட்டை போவம்," என்றார்.

போனோம். மாமியார் சாதகத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"அக்கா, உந்த நேரம் பிழை," என்றார் அண்ணை. "என்ரை கமரா மணிக்கூடு பத்து நிமிசம் முன்னுக்கு."

"அதெப்பிடி? விபரம் பொய் சொல்லாது எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறனீர் நீரெல்லே?"

"கலியாணவீடுகளுக்குப் பிந்தக்கூடாது எண்டு நான்தான் முன்னுக்குத் தள்ளி வைச்சனான். தாலி ஏறினது பதினொண்டு ஐம்பத்துமூண்டு. முகூர்த்தத்துக்குள்ளைதான்."

மாமியார் தலையைத் தூக்கித் தன் வீட்டுச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அதுவும் பத்து நிமிடம் முன்னுக்குத்தான். எங்கள் ஊரில் எந்த வீட்டு மணிக்கூடு முன்னுக்கு ஓடவில்லை? பஸ்ஸைத் தவறவிடக்கூடாது என்று தள்ளி வைப்போம். பிறகு, தள்ளி வைத்ததுதானே என்று ஆறுதலாக வெளிக்கிட்டு பஸ்ஸைத் தவறவிடுவோம்.

"நானும் உப்பிடித்தான் வைச்சிருக்கிறன்," என்றார் மாமியார். குரல் இறங்கிவிட்டது. "உதை முதலே சொல்லியிருக்கலாமே, தம்பி! தேத்தண்ணி குடியும்." அன்று பின்னேரமே வதனியைக் கூட்டிப்போக மாப்பிள்ளை வந்து படலையைத் தட்டினார்.

ஆனால் ஊர் சும்மா இருக்குமா? கதை பரவியது. பழைய அல்பங்களைத் தூக்கிக்கொண்டு சனம் ஸ்ரூடியோவுக்கு வந்தது. "எங்கடை நேரமும் பிழையோ?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அண்ணை குந்தியிருந்து நேரத்தில் பத்து நிமிடத்தைக் குறைத்து எழுதிக் கொடுத்தார். தரகர் தினமும் வந்து நேரம் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவார். சாதகம் என்ற பெயர் மறைந்து "பத்து நிமிசம்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சின்னப் பெடியளும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்த்து ஓம் போட்டார்.

போன மாதம் என் கைபேசியில் பழைய படங்களைத் தட்டிக்கொண்டு போனபோது, தாலிகட்டும் அதே நிமிடத்தை நானும் எடுத்திருந்தது தெரிந்தது. கைபேசியின் நேரத்தை யாரும் முன்னுக்குத் தள்ளுவதில்லை. விபரத்தைத் திறந்தேன். பன்னிரண்டு மூன்று.

அப்படியே எழுந்து ஸ்ரூடியோவுக்குப் போய்க் காட்டினேன். அண்ணை கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். முதல் வேலையாகக் கதவைச் சாத்தினார்.

"ஆருக்கும் அனுப்பினனீயே?"

"இல்லை, அண்ணை."

"படத்தை வைச்சிரு. நல்லாய் வந்திருக்கு. விபரத்தை அழிச்சுப்போடு."

விபரத்தை மறைப்பது களவு என்று சொல்லித் திரிந்த மனிதர், எந்த இடத்தில் அழுத்தினால் அது அழியும் என்று தானே விரல் வைத்துக் காட்டித் தந்தார். வெளியே யாரோ, "பத்து நிமிசம், கடை திறந்திருக்கோ?" என்று கூப்பிட்டார்கள். "ஓம், ஓம், வாறன்," என்று எழுந்து போனார்.

ஊர் முழுக்க அவரைப் பத்து நிமிசம் என்றுதான் கூப்பிடுகிறது. நான் மட்டும் இன்றைக்கும் சாதகம் அண்ணை என்றே கூப்பிடுகிறேன். என் கணக்கில் அவருடைய மணிக்கூடு ஒரு நிமிடமும் பிழைத்ததில்லை.